கேமராவுக்கு வாய் வைத்தவர்

நீங்கள் பொய் சொன்னீர்கள். உங்கள் சொந்த வாயால் சொல்லியிருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். என் பக்கத்து வீட்டுக்காரியின் வாயை எடுத்து, அதற்குள் உங்கள் பொய்யைத் திணித்து, வெள்ளைத் துணியில் ஊர் ஊராகக் காட்டினீர்கள்.

கோலாலம்பூரிலிருந்து வந்த படக்காரரே, உங்களைத்தான் சொல்கிறேன். பெயரை எழுதப் போவதில்லை. மலாக்காவில் எங்கள் காஜா பெராங்கில் யாரைக் கேட்டாலும் அடையாளம் சொல்வார்கள்: கறுப்புக் கண்ணாடி, வெள்ளைத் தொப்பி, கழுத்தில் ஒரு விசில். படம் எடுக்க விசில் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் தமிழ் கற்றவள். ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். சுற்றி வளைத்து எழுத வராது. ஆனால் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தால் கோபம் பாதி வழியில் சிரிப்பாகிவிடுகிறது. சிரித்துச் சிரித்து இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அதனால் சிரித்துக்கொண்டே திட்டுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் எனக்கு நட்டமில்லை.

பக்கத்து வீட்டுக்காரி ஒரு செட்டி. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: வட்டிக்கடைச் செட்டியாரை நினைக்க வேண்டாம். மலாக்கா செட்டிகள் வேறு. சுல்தான்கள் காலத்திலேயே வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்து, இங்கேயே ஊன்றிவிட்டவர்கள். கோயில் உண்டு, விபூதி உண்டு. பேசுவது மட்டும் மலாய். அதுவும் அவர்களுக்கே உரிய மலாய். நம் சொல் ஒன்றிரண்டு அதில் மிதக்கும். பெண்கள் சாரோங் கட்டி, மேலே கெபாயா போடுவார்கள். அவளிடம் இருந்த தமிழில் முக்கியமான சொல் 'அக்கா'. என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் கூப்பிட்டால் தெருமுனை நாய் எழுந்து நிற்கும். அப்பேர்ப்பட்ட குரல். சைக்கிளில் மணி இருந்தும் அவள் அடித்து நான் பார்த்ததில்லை. தேவைப்படவில்லை.

நானோ தோட்டத்துக்காரி. என் அப்பா கப்பலில் வந்தவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

அவள் பேசியதையெல்லாம் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன். அப்படியானால் நீ செய்வதும் நான் செய்ததும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. எழுதியதை வரி வரியாக அவளுக்கு மலாயில் திருப்பிச் சொன்னேன். சில இடங்களில் திட்டினாள். அந்த இடங்களை மாற்றினேன்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வருகிற வருஷம் அது. ஊருக்கே லேசாகக் கிறுக்குப் பிடித்திருந்தது. கொடி தைக்கச் சொல்லி என் வீட்டில் துணி குவிந்தது. சிவப்புக் கோடும் வெள்ளைக் கோடும் கோணிக்கொண்டு ஓடும்; பிரித்துப் பிரித்துத் தைப்பேன். அதே நேரத்தில் ஆளாளுக்கு அடுத்தவனைப் பார்த்து "நீ எங்கேயிருந்து வந்தே?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அதற்குமுன் யாரும் கேட்டதாக ஞாபகமில்லை. ஒருநாள் மார்க்கெட்டில் மீன்காரர் அவளிடம் விளையாட்டாகக் கேட்டார்:

"மெர்டேக்கா வருதுலா! நீங்கள்ளாம் எப்பக் கப்பல் ஏறப் போறீங்க?"

கையில் எடுத்திருந்த மீனை அவள் அவருடைய தட்டிலேயே திருப்பி எறிந்தாள்.

"நீ ஏறுற அன்னிக்குச் சொல்லி அனுப்பு. கரையில நின்னு கை காட்டுறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மீன்காரரும் சிரித்தார். ஆனால் திரும்பி வரும்போது அவள் சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் நின்று சொன்னாள்:

"எங்க பெரியவங்க சமாதியெல்லாம் இங்கதான் இருக்கு, அக்கா. யாரோட சமாதின்னே தெரியாத அளவுக்குப் பழசு. இதை ஒவ்வொரு மீன்காரனுக்கும் நான் தனித்தனியா சொல்லிக்கிட்டு இருக்கணுமா?"

இந்தச் சமயத்தில்தான் நீங்கள் உங்கள் வேனில் வந்து இறங்கினீர்கள்.

நாட்டிலுள்ள இந்தியர்களைப் பற்றி ஒரு படம் என்றீர்கள். வேனில் வைத்து ஊர் ஊராக, திடல் திடலாகக் காட்டுவோம் என்றீர்கள். உங்களுக்கு அவர்கள் மலாய் பிடிபடவில்லை. நடுவில் நின்று சொல்ல என்னைப் பிடித்தீர்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அக்கா, அவர்கிட்டக் கேளு. படத்துல நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?"

நான் கேட்டேன். "தாராளமாகச் சொல்லட்டும் அம்மா. மக்களின் குரல்தானே நமக்கு வேண்டும்" என்றீர்கள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் வீட்டைத் திறந்துவிட்டாள். எல்லா மீன்காரர்களுக்கும் ஒரே தடவையில் பதில் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். நல்ல கணக்குதான். கூட்டலில் உங்களைச் சேர்க்க மறந்துவிட்டாள்.

முதல் வேலையாகச் சேலை கேட்டீர்கள். துணிக்கடை முதலாளியைக் கெஞ்சி ஒரு கட்டுச் சேலை வாங்கி வந்தேன். செட்டிப் பெண்கள் அன்று சேலை கட்டிய அழகை நீங்கள் கேமராவில் பிடித்திருக்க வேண்டும்; உலகமே வந்து பார்த்திருக்கும். ஒருத்தி கொசுவத்தை முதுகுப் பக்கம் சொருகினாள். ஒருத்தி தெருவில் பாதி தூரம் நடந்தாள்; சேலை மீதித் தூரத்தை அவள் பின்னால் தனியாக வந்து சேர்ந்தது. நான் குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினேன். சிரித்தால் ஊசியை விழுங்கிவிடுவேன்; சிரிக்காமலிருக்கவும் முடியவில்லை. என் பக்கத்து வீட்டுக் கூட்டாளி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்:

"இதைக் கட்டிக்கிட்டு எப்படி சைக்கிள் மிதிக்கிறது?"

"உங்கள் ஊர்ப் பெண்கள் சேலை கட்ட மாட்டார்களா?" என்று என்னிடம் கேட்டீர்கள்.

"எங்க ஊர் இதுதான் சார். இந்த ஊர்ல இவங்க கெபாயாதான் போடுவாங்க."

"பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும் அம்மா."

அவள் கெபாயாவைக் கழற்ற மறுத்துவிட்டாள். நீங்கள் விடுகிற ஆளா? ஒரு சேலையின் முந்தானையை மட்டும் எடுத்து அவள் தோளில் போட்டு, தலையில் கொஞ்சம் ஏற்றி, கேமராவைக் கிட்டே கொண்டுபோகச் சொன்னீர்கள். முகம் மட்டும். கழுத்துக்கு மேலே தமிழ்நாடு, கழுத்துக்குக் கீழே மலாக்கா. கீழே இருந்ததை உங்கள் கேமரா பார்க்கவே இல்லை. கிட்டே போனால் உண்மை நன்றாகத் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அடுத்தது மாட்டுவண்டி. தெருவில் சைக்கிளும் மோட்டாரும் போனது உங்களுக்குப் பிடிக்கவில்லை. விசில் ஊதி நிறுத்தினீர்கள். மூலையிலிருந்த சீனர் கோப்பிக் கடையின் பலகையைத் தென்னை ஓலையால் மூடச் சொன்னீர்கள். உள்ளே கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஓலைக்குள்ளிருந்து எட்டி எட்டிப் பார்த்தார்கள், கூட்டுக்குள் குஞ்சுகள் மாதிரி. பக்கத்து மலாய் வீட்டு அம்மாவைத் துணி காயப்போட வேண்டாம் என்றீர்கள். எல்லாரையும் அகற்றிவிட்டு மாட்டுவண்டியை ஓட்டச் சொன்னீர்கள். மாடு நேராகப் போய்க் கோப்பிக் கடையைத் தின்னத் தொடங்கியது. ஓலை, அதுவும் பச்சை. மாட்டுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு வாய்க்கு ஒன்றாகப் பலகையின் எழுத்துகள் வெளியே வந்தன. நீங்கள் விசில் ஊதினீர்கள். மாடு உங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தின்றது. உங்களோடு வந்த சீனக் கேமராக்காரர் சிரித்த சிரிப்பில் கேமராவே ஆடியது. நல்ல மனிதர் அவர். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

பிறகு ரம்புத்தான் மரம். அது பழக்காலம். செட்டிகள் அந்தக் காலத்தில் முன்னோருக்குப் பழம் படைப்பார்கள். பார்ச்சு என்று பெயர். அதற்காக அவள் தம்பி மரத்தில் ஏறியிருந்தான். முப்பது வயதுத் தடியன். அவள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கிளையை உலுக்கினான். பழத்தோடு சேர்ந்து கெரெங்காவும் கொட்டியது, அந்தச் சிவப்பு எறும்பு. ஒன்று நேராக அவள் கண்ணோரத்தில் விழுந்து கடித்தது. கண்ணீர் பொலபொலவென்று வழிந்தது. வலியில் பேசக்கூட முடியாமல் உதடு துடிக்க மேலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். "அடே பன்னி!" என்று அவள் சொல்ல வருவதற்குள் நீங்கள் கேமராக்காரர் தோளைத் தட்டினீர்கள். அந்தக் கண்ணீர் அப்படியே படத்துக்குள் போய்விட்டது. அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

அன்று மாலை அவள் தன் வார்த்தையைச் சொன்னாள். முற்றத்தில், கேமரா முன்னால், முந்தானையை நழுவவிட்டபடி. ஒலி பிடிக்கிற பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. "கித்த ஓராங் சினி. டத்தோக் நேனேக் கித்த செமுவா சினி." அவ்வளவுதான். நான் உங்கள் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன்: "நாங்க இந்த ஊர் ஆளுங்க. எங்க பாட்டன் பாட்டி எல்லாரும் இங்கதான் இருக்காங்க." நீங்கள் தலையாட்டினீர்கள். "அருமை" என்றீர்கள். அதனால் தெரியாது, புரியவில்லை, மொழி வேறு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னது நான். கேட்டது நீங்கள்.

அவர்கள் மூதாதையரும் என்றைக்கோ கப்பலில்தானே வந்தார்கள் என்பீர்கள். வந்தார்கள். அப்படிப் பார்த்தால் மலாக்காவில் கப்பலில் வராதது அந்த ரம்புத்தான் மரமும் கெரெங்காவும்தான்.

மறுநாள் பார்ச்சு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நடு அறையில் பாய் விரித்து வாழையிலை போட்டு எல்லாம் வைப்பார்கள். டுரியான், மங்குஸ்தீன், ரம்புத்தான், சம்பல் வைத்த சோறு, அவள் அப்பாவுக்குச் சர்க்கரை போடாத கறுப்புக் கோப்பி. சாம்பிராணி போட்டு, பெரியவர்களைக் கூப்பிட்டுவிட்டு, எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். உள்ளே அவர்கள் சாப்பிடுவார்கள். யாரும் பார்க்கக் கூடாது. அந்த நேரத்தில் வீட்டுக்குள் பேச்சே கூடாது, சாப்பிடுகிறவர்களுக்கு இடைஞ்சல். பிறகு அவள் வாசலில் நின்று இருமுவாள். அதற்கப்புறம்தான் உள்ளே போகலாம்.

உங்களுக்கு அதைப் படம் பிடிக்க ஆசை. அவள் முடியாது என்றாள்.

"ஆள் இருக்கக் கூடாது என்றுதானே சொல்கிறார்? கேமரா ஆள் இல்லையே" என்றீர்கள்.

நான் அவளிடம் சொன்னேன். அவள் கேமராவைச் சுற்றிவந்து பார்த்தாள். முன்னால் குனிந்து அதன் கண்ணாடியைப் பார்த்தாள்.

"இதுக்குக் கண்ணுதான் இருக்கு. வாய் இல்ல."

"ஆமா. வாய் இல்ல."

"அப்ப இருக்கட்டும். குழந்தை மாதிரி ஒரு மூலையில உக்காந்து பாக்கட்டும். சத்தம் மட்டும் போடக் கூடாது."

கேமரா பாட்டரியில் கிர்ரென்று ஓடும். அதற்குக் கம்பளி போர்த்தினாள். போதவில்லை; தலையணையை வைத்துக் கட்டினாள். மேலே தன் பழைய சாரோங்கைச் சுற்றினாள். கண்ணாடி மட்டும் வெளியே தெரிய, காய்ச்சல்காரி மாதிரி உட்கார்ந்திருந்தது உங்கள் விலையுயர்ந்த கேமரா. கேமராக்காரர் அதை முடுக்கிவிட்டு, எங்களைப் போலவே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முதுகு காட்டாமல் பின்னால் நடந்து வெளியே வந்தார். எல்லாரும் முற்றத்தில் வாய்மூடி நின்றோம். நீங்களும்தான். சிரிப்பை அடக்கியதில் எனக்கு விக்கல் எடுத்தது. அவள் என் முதுகில் ஒன்று வைத்தாள்.

வாயில்லாத சாமான் என்று நம்பித்தான் அவள் கேமராவை உள்ளே விட்டாள். இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

படம் எங்கள் திடலுக்கு வந்தது மெர்டேக்காவுக்குக் கொஞ்சம் முன்னால். அந்தி மங்கியதும் வேனிலிருந்து ஒரு மலாய்க்காரர் இறங்கி, இரண்டு கம்பத்துக்கு நடுவே துணி கட்டினார். காஜா பெராங் முழுக்க அங்கேதான் இருந்தது. செட்டிகள் பாய் விரித்து முன்னால். கோப்பிக் கடைக்காரர் தன் நாற்காலியோடு. மலாய் வீட்டு அம்மா. கடலை விற்கும் கச்சாங் பூத்தேகாரர் தலைத்தட்டோடு. எங்கள் தெருக்காரர்கள். தெரிந்த முகம் துணியில் வர வர ஊளையும் விசிலும். மாட்டுவண்டி வந்தது, "கடையைத் தின்ன மாடு!" என்று திடலே எழுந்தது. எனக்குத் தலை சுற்றியது சந்தோஷத்தில். நம் தெரு, அவ்வளவு பெரிதாக, வானத்துக்குக் கீழே!

அப்புறம் ஒரு கப்பல் வந்தது.

எங்கேயோ எடுத்த கப்பல். மலாக்காக் கரையில் அப்படியொன்று நின்றதே கிடையாது. புகை கக்கிக்கொண்டு நகர்ந்தது. நாதஸ்வரம் சோகமாக அழுதது. அடுத்தது அவள் முகம், முந்தானையோடு. அண்ணாந்து பார்க்கிறாள். கண்ணீர் வழிகிறது. உதடு துடிக்கிறது. மறுபடி கப்பல்.

ரம்புத்தான் மரத்தில் இருந்த தம்பியை எடுத்துவிட்டு அங்கே கப்பலை வைத்திருந்தீர்கள். கெரெங்கா கடித்த கண்ணீரை ஊர் ஏக்கமாக்கிவிட்டீர்கள். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரர்தான். வெளியூரில் பார்த்திருந்தால் நானே அழுதிருப்பேன். ஆனால் எங்கள் திடலில் தம்பி குதித்து எழுந்தான்.

"ஏய், அது என்னைப் பாக்குறா! நான்தான் கப்பல்! கெரெங்கா! கெரெங்கா!"

திடல் உருண்டது. கச்சாங் பூத்தே தட்டு சாய்ந்து கடலை சிதறியது. அவளும் சிரித்தாள். என்னை இடித்துச் சொன்னாள்: "இரு அக்கா, இப்ப என் வார்த்தை வரும்."

வந்தது. துணியில் அவள் உதடு அசைந்தது. கித்த ஓராங் சினி என்று அசைந்தது. அவளைத் தெரிந்த யாருக்கும் அது தெரியும். ஆனால் வந்த குரல் வேறு யாரோ. மெல்லிய, தேன் தடவிய குரல். தமிழில் சொன்னது: "நான் கடல் கடந்து வந்தவள். என் நெஞ்சம் என்றும் தாயகத்து மண்ணையே நாடுகிறது."

செட்டிகளுக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

"என்ன சொல்லுது, அக்கா?"

நான் சொன்னேன். மறைக்கவில்லை, மழுப்பவில்லை. அவள் சிரிப்பு நின்றது. என் கையைப் பிடித்திருந்தாள், பிடி இறுகியது. கப்பலில் வந்தவரின் மகள் நான் பக்கத்தில்தான் நின்றேன் ஐயா! என்னைப் பிடித்திருக்கலாமே. உங்களுக்கு வேண்டிய கப்பல், தோட்டம், கண்ணீர் எல்லாம் என் வீட்டில் இருந்தது. என்னை ஓரமாக நிற்கவைத்துவிட்டு என் அப்பாவின் கப்பலை அவள் தலையில் கட்டினீர்கள்.

அதற்குள் அடுத்த காட்சி வந்துவிட்டது. நடு அறை. வாழையிலை. டுரியான். புகை. அறையில் யாருமில்லை.

செட்டிகள் அத்தனை பேரும் எழுந்தார்கள். எழுந்து, துணிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். பெரியவர்கள் சாப்பிடுகிறார்கள், பார்க்கக் கூடாது. வீட்டில் என்ன வழக்கமோ திடலிலும் அதுதான். பார்த்துக்கொண்டிருந்த நானும் திரும்பினேன். கோப்பிக் கடைக்காரர் ஒன்றும் புரியாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். மலாய் வீட்டு அம்மாவும் திரும்பினார். ஊர் முழுக்க இப்போது வேனைப் பார்த்து நின்றது. வேன்காரர் பயந்துவிட்டார். தன்னைத்தான் அடிக்க வருகிறார்கள் என்று நினைத்து வேன் கதவு வரை பின்வாங்கினார்.

முதுகுப் பக்கம் அந்தத் தேன் குரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "தூரத்தில் விட்டுவந்த உறவுகளை எண்ணி, இங்கே விருந்து படைக்கிறோம்..."

அப்போதுதான் அவள் கத்தினாள். தெருமுனை நாய் எழுந்து நிற்கும் அந்தக் குரலில்.

"பெரியவங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க! என் வீட்டுக்குள்ள பேசுறது யாரு?"

வேன்காரர் மலாய்க்காரர்; ஒரு சொல் விடாமல் புரிந்துவிட்டது. கையை நீட்டிக் குமிழைத் திருகினார். குரல் செத்தது. துணியின் வெளிச்சம் எல்லார் முதுகிலும் ஆடிக்கொண்டிருந்தது. காட்சி முடிந்தது எப்படித் தெரியும்? வேன்காரர் தலையாட்டினார். அவள் இருமினாள். எல்லாரும் திரும்பி உட்கார்ந்தார்கள்.

"பாங், முதல்லேர்ந்து போடு. சத்தமில்லாம" என்றாள் வேன்காரரிடம். அவர் மறுக்கவில்லை. ஊர் முழுக்கத் தன்னையே முறைத்ததை அவர் இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது முறை ஓடிய படம்தான் நான் என் வாழ்நாளில் பார்த்த சிறந்த படம். அவள் துணியின் ஓரத்தில் போய் நின்றாள். தெரு வந்ததும் யாரோ வாயால் சைக்கிள் மணி அடித்தார்கள். இன்னொருவர் மோட்டார் ஓட்டினார். தென்னை ஓலை மூடிய மூலை வந்ததும் கோப்பிக் கடைக்காரர் நாற்காலிமேல் ஏறி, "கோப்பி ஓ சத்து!" என்று ஒரு கறுப்புக் கோப்பிக்குக் கூவினார். மலாய் வீட்டு அம்மா, துணி காயாத நாளில் திட்டுவதுபோல் மழையைத் திட்டினார். கச்சாங் பூத்தேகாரர் தன் கூவலைப் போட்டார். மாட்டுக்குப் பத்துப் பேர் குரல் கொடுத்தார்கள். நீங்கள் விசில் ஊதி, ஓலை போட்டு, கிட்டே போய், படத்துக்கு வெளியே தள்ளிய அத்தனை பேரும் சத்தமாக உள்ளே வந்துவிட்டார்கள். கப்பல் வந்ததும் தம்பி எழுந்து கையை விரித்து மரமாக நின்றான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் படுத்துவிட்டேன்.

முற்றம் வந்தது. அவள் முகம் வந்தது. திடல் தானாக அடங்கியது. துணியில் உதடு பிரிந்தது. கீழே நின்றவள் வாய் திறந்தாள்.

"கித்த ஓராங் சினி. டத்தோக் நேனேக் கித்த செமுவா சினி."

ஒரு மயிரிழைகூடத் தப்பவில்லை. அவள் குரல், அவள் உதட்டில் போய் உட்கார்ந்தது. மார்க்கெட் மீன்காரரும் கூட்டத்தில் இருந்தார். முதலில் கைதட்டியது அவர்தான் என்று சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை, என் கண்ணில் கெரெங்கா விழுந்திருந்தது.

அத்தோடு தீர்ந்திருந்தால் உங்களை விட்டிருப்பேன். மறுநாள் வேன் உஜோங் பாசிருக்குப் போனது, அதே தேன் குரலோடு. நாங்கள் இருவரும் சைக்கிளில் பின்னால் போனோம். நான் பின்சீட்டில். துணி ஓரத்தில் நின்று அவள் தன் வார்த்தையைச் சொன்னாள். அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கும் போர்த்துகீசியர்களில் ஒரு மீனவர் வந்து அவள் கையைக் குலுக்கினார். "எங்களையும் எடுத்தாங்க. நாள் முழுக்க ஆடவிட்டாங்க. ஒரு மீன் பிடிக்க விடல" என்றார். அதற்கடுத்து குருபோங். மேடு. அங்கே நான் இறங்கித் தள்ளினேன், அவள் மிதித்தாள். வேன்காரர் எங்களைப் பார்த்தாலே சத்தத்தைக் குறைத்து வைத்துவிடுவார். ஆனால் வேன் மலாக்காவைத் தாண்டிப் போய்விட்டது. ஈப்போவுக்கும் பினாங்குக்கும் சைக்கிளில் போக முடியாது. அங்கெல்லாம் அவள் இன்றுவரை கப்பலைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறாள். போன மாதம்கூட ஈப்போவிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர் என்னிடம் சொன்னார்: "அந்தப் படத்துல ஒரு பொண்ணு. பாவம், ஊருக்கே போகணும்னு துடிக்குது." யாரென்று சொன்னேன். நம்பவில்லை. படத்தில் அவள் வாயாலேயே கேட்டாராம்.

இந்த ஆகஸ்டில் வேன் மறுபடி எங்கள் திடலுக்கு வருகிறதாம். இந்தத் தடவை நீங்களே வந்து மைக் பிடித்துப் பேசுகிறீர்களாம். வாருங்கள். பாய் போட்டு உட்காரவைப்போம், கோப்பி தருவோம். ஓலைக்குப் பின்னாலிருந்து வரும் அதே கோப்பி. ஒலி பிடித்த பெட்டியில் அவள் சொன்ன வார்த்தை எங்கே போயிற்று? அதைத் தூக்கி எறியச் சொன்னது யார்? மூன்றாவது கேள்வி அவளுடையது. அதை அவளே கேட்பாள், பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல நான் இருப்பேன். பெரியவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் வீட்டுக்குள் பேசியது யார்?

கடிதம் வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். அதே மைக்கில், அந்தத் துணிக்கு முன்னால் நின்று, மீன்காரர் முதல் எல்லாரும் கேட்கப் பதில் சொல்லுங்கள்.